சூளை எங்கே போனது?

இந்த வாரப் பதிவு மண்பானையைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

பெங்களூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, மங்கோலியாவில் பழங்காலச் சூளைகளைத் தோண்டியெடுத்த செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். "சார், கூடாரத்துல வாழ்ந்தவங்க ஊர்லயே சூளை, பட்டறை எல்லாம் கிடைக்குது. நம்ம பக்கம் அடிக்கு ஒரு கோயில், அத்தனை செங்கல், அத்தனை பானை. நம்ம சூளையெல்லாம் எங்க சார் போச்சு?"

நல்ல கேள்வி. நாலு வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் மங்கோலியா. செங்கிஸ்கானின் மகன் ஓகதாய் கான் 1235இல் மதில் எழுப்பிய தலைநகரம் காரகோரம். ஒர்க்கான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. புல்வெளி, குதிரை, கம்பளிக் கூடாரம் என்று வாழ்ந்த மக்களுக்கு ஓடு வேய்ந்த கட்டடம் பழக்கமில்லை. ஆனால் உலகத்தில் பாதியைப் பிடித்த பிறகு தலைநகரம் வேண்டுமே. அதனால் வென்ற நாடுகளிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1254இல் அங்கே போன வில்லியம் ரூப்ரக் என்ற பாதிரியார், நகரத்தில் சீனக் கைவினைஞர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். பாரிசிலிருந்து வந்த ஒரு பொற்கொல்லரைக்கூட அங்கே அவர் சந்தித்தார்.

1948, 49இல் ரஷ்யர்கள் அங்கே தோண்டினார்கள். 2000 முதல் ஜெர்மானியர்களும் மங்கோலியர்களும் சேர்ந்து தோண்டினார்கள். அரண்மனைப் பகுதி என்று சொல்லப்பட்ட இடத்திலேயே சூளைகள் வெளிப்பட்டன. கட்டடத்துக்கான செங்கல், பச்சை மெருகேற்றிய கூரை ஓடு, புத்தர் சிலைகளுக்கான சுடுமண் வேலை எல்லாம் அங்கேயே சுடப்பட்டிருக்கின்றன. கவனியுங்கள், அந்தச் சூளைகள் ஊர்க்குயவர் சூளைகள் அல்ல. ஒரு பெரிய கட்டடத்துக்காக, அரசு ஆணையின்பேரில், கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கட்டியவை. வேலை முடிந்தது, சூளை கைவிடப்பட்டது. பின்னால் நகரமும் சிறுத்துப்போனது. 1586இல் அங்கே எர்தின் சூ மடாலயத்தைக் கட்டியவர்கள் பழைய நகரத்தின் இடிபாட்டிலிருந்துதான் கல்லும் செங்கல்லும் எடுத்தார்கள். ஆனால் மண்ணுக்குள் இருந்த சூளையின் அடிப்பகுதியை யாரும் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை. மேலே ஆடும் மாடும் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த மங்கோலியர் ஆட்சிக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்றொரு துறைமுகம். அங்கே தமிழில் எழுதிய ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது, 1281ஆம் ஆண்டுக்குரியது. தவச்சக்கரவர்த்திகளான சம்பந்தப்பெருமாள் என்பவர், செகசை கானின் உடல் நலத்துக்காக ஒரு சிவன் கோயில் எடுத்த செய்தி அதில் இருக்கிறது. இந்தச் செகசை கான் வேறு யாருமில்லை, குப்ளாய்கான்தான் என்பது அறிஞர்கள் கருத்து. செங்கிஸ்கானின் பேரனுக்காக ஒரு தமிழர் சீனத்தில் சிவனை வேண்டியிருக்கிறார்! பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சு நம்பவே இல்லை.

அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்த சரக்குகளில் முக்கியமானது பீங்கான். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலு ஐயாவும் ஆய்வு செய்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகிட்ட லோங்சுவான் கிண்ணங்கள் அவற்றில் உண்டு. அதற்கு முன்பே, சோழர் காலத்திலேயே வந்த சீனக் கலத்துண்டுகள் கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் கிடைத்திருக்கின்றன. ராஜராஜன் காலத்தில் புறப்பட்ட தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்த செய்தியைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் காலம்.

இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். மாளிகைமேட்டில் ஒரு சீனக் கிண்ணத்தின் உடைசல் கிடைத்தால், அதன் மெருகையும் மண்ணையும் பார்த்து, இது எந்த மாகாணத்தில் எந்தச் சூளைத் தொகுதியில் வெந்தது என்று நிபுணர்கள் சொல்லிவிடுகிறார்கள். லோங்சுவான் சூளைகள் மலைச்சரிவில் பாம்பு மாதிரி பல பத்து மீட்டர் நீளத்துக்கு ஏறிப்போகும். டிராகன் சூளை என்றே பெயர். அவை இன்றும் நிற்கின்றன. ஆனால் அதே குழியில், அந்தச் சீன உடைசலுக்குப் பக்கத்தில், கூடை கூடையாகக் கிடைக்கும் நம்மூர்ச் சட்டிப்பானை எந்தச் சூளையில் வெந்தது? அதற்குப் பதில் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த கிண்ணத்துக்கு முகவரி இருக்கிறது, பக்கத்துத் தெருவில் செய்த பானைக்கு இல்லை.

நம் காவிரிக்கரை நிலத்தை நினைத்துப் பாருங்கள். கல் கிடையாது. கும்பகோணத்திலிருந்து பூம்புகார் வரை கடப்பாரை போட்டால் வண்டல், களி, மணல், மறுபடி வண்டல். எனவே இங்கே எல்லாமே மண்ணால்தான் ஆனது. வீட்டுச் சுவர் மண், கூரை ஓடு மண், கிணற்றுக்கு உறை மண், நெல் கொட்டும் குதிர் மண், சோறு பொங்கும் பானை மண், செத்தால் முன்காலத்தில் தாழியும் மண். சாமி வீடுகூட முதலில் செங்கல்லால்தான் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அம்மையார் நம் பக்கத்துக் கோனேரிராஜபுரம் முதலான ஊர்களின் கோயில்களைக் கருங்கல்லால் எடுப்பித்தாரே, அதற்கு முன் அப்படிப்பட்ட பல தலங்களில் நின்றவை செங்கல் தளிகள்தாம். கிழக்கே பூம்புகாருக்கு அருகில் கீழையூரில் 1960களில் தோண்டியபோது பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை வந்தது. அதன் பக்கத்தில் நட்டிருந்த மரக்கம்பத்தைக் கரிமக் கணக்கு போட்டதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. அத்தனை செங்கல்லும் எங்கோ ஓரிடத்தில் வெந்திருக்க வேண்டுமல்லவா?

(இடையில் ஒரு சொல். நம் குத்தாலத்துக்குத் தேவாரத்தில் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு. கொல்லன் உலையில் காற்று ஊதும் தோல்பைக்கும் துருத்தி என்றுதான் பெயர். ஊர்ப்பெயர் முதல் பொருளில் வந்தது. இருந்தாலும் நெருப்பைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.)

குயவர் இருந்ததற்கு எழுத்துச் சான்று எக்கச்சக்கம். பல்லவர், சோழர் செப்பேடுகளில் வரும் வரிகளின் பட்டியலில் குசக்காணம் என்று ஒன்று வரும். குசவர் கட்டிய வரி. சக்கரம் சுற்றியவர் அரசுக்குக் காசு கட்டியிருக்கிறார். கோயிலுக்குக் கலம் கொடுக்கிற குயவருக்கு நிலம் விட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. வேட்கோவர் என்பது அவர்களுக்கு மரியாதையான பழம்பெயர். இன்றைக்கு நாம் 'வேளார்' என்று கூப்பிடுகிறோமே, அந்த மக்கள்தாம்.

இன்னும் பின்னே போனால் புறநானூறு. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாட்டு, அரசனைப் பற்றிப் பேசுவதற்காகக் குயவரைக் கூப்பிட்டுப் பேசுகிறது. இவ்வளவு பெரிய அரசனுக்குத் தாழி செய்ய உன்னால் ஆகுமா என்று கேட்கிறது. அந்தப் பாட்டில் சூளைப் புகை வானத்தை நோக்கித் திரண்டு எழுகிறது. புலவர் கண்ணால் பார்த்த புகை அது. பழைய பெரிய ஊர் ஒன்றில், குடியிருப்பை ஒட்டியே சூளை இருந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆக, குயவர் இருந்தார், வரி கட்டினார், புகை எழுந்தது, பானை குவிந்தது. சூளை மட்டும் காணோம். காரணத்தைத் தெரிந்துகொள்ள, நம் பக்கம் சூளை போடுகிற முறையைப் பார்க்க வேண்டும். சிறுவர்களாக இருந்தபோது நீங்கள் பொங்கலுக்கு முன் வேளார் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். ஆனால் வரிசையாகச் சொல்லச் சொன்னால் முழிப்பீர்கள்.

குளத்து அடிமண்ணையும் வயல் களியையும் எடுத்து, கல், வேர் பொறுக்கி, மணல் கலந்து காலால் மிதிப்பார்கள். மணல் எதற்கு? வெறும் களியாக இருந்தால் காயும்போது வெடித்துவிடும். சக்கரத்தில் வாயும் கழுத்தும் எழும். ஆனால் பானையின் வயிறும் அடியும் சக்கரத்தில் முடிவதில்லை. அரைகுறையாகக் காய்ந்த பிறகு உள்ளே ஒரு உருண்டைக் கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். தட்டத் தட்டப் பானை மெல்லிதாகும், பெரிதாகும். பல வீடுகளில் இது பெண்கள் கை வேலை. பிறகு நிழலில் உலர்த்தி, செங்காவி பூசி, சூளைக்குப் போகும்.

சூளை என்றதும் ஒரு கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். தரையில் ஆழமில்லாத ஒரு வட்டப் பள்ளம், சில இடத்தில் அரைவட்டமாக ஒரு சின்ன மண்சுவர். அவ்வளவுதான். கீழே வறட்டி, விறகுச் சிராய், தேங்காய் மட்டை. அதன்மேல் பெரிய பானை அடியில், சின்னது மேலே என்று அடுக்கி, இடுக்கெல்லாம் வைக்கோல் திணித்து, மேலே கனமாக வைக்கோல் மூடி, அதற்கு மேல் சேற்றைக் குழைத்து மெழுகிவிடுவார்கள். ஆங்காங்கே புகை போக ஓட்டை. கீழே தீ வைத்தால் இரவெல்லாம் உள்ளுக்குள் கனலும். ஆறியதும் அந்தச் சேற்று மூடியை உடைத்துத்தான் பானையை எடுக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு தடவையும் சூளையைக் கட்டி, ஒவ்வொரு தடவையும் இடித்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அங்கே சாம்பலும் கருகிய தரையும் தவிர ஒன்றும் இருக்காது.

செங்கல் காளவாயும் அப்படித்தான். சுட வேண்டிய பச்சைக் கல்லையே அடுக்கி, அதனுள்ளே விறகுக்கு வாய் விட்டு, வெளியே மண் பூசிச் சுட்டால், வெந்த பிறகு சூளை முழுவதையும் பிரித்து வண்டியில் ஏற்றி விற்றுவிடலாம். சூளையே சரக்கு. எதை விட்டுவைப்பார்கள்?

நம்மவர்கள் கெட்டியான சூளை கட்டத் தெரியாமலா இப்படிச் செய்தார்கள்? வானளாவக் கோபுரம் கட்டியவர்களுக்கு ஒரு சூளை கட்டுவதா கடினம்? விஷயம் மண்ணிலும் விறகிலும் இருக்கிறது. சீனப் பீங்கானுக்கு 1200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு வெள்ளைக் களிமண், மலைக்காட்டு விறகு, சூட்டை வெளியே விடாத கெட்டிச் சுவர், அத்தனையும் வேண்டும். நம் காவிரி வண்டலில் இரும்புச்சத்து அதிகம். பானை சிவப்பாக வருவது அதனால்தான். அதை 1200 டிகிரிக்குக் கொண்டுபோனால் உப்பி, வளைந்து, உருகிக் கட்டியாகிவிடும். 700, 800 டிகிரிதான் அதற்கு ருசி. அந்தச் சூட்டுக்கு வைக்கோலும் வறட்டியுமே போதும். நெல் விளையும் நாட்டில் காடு இல்லை, வைக்கோல் உண்டு, மாடு உண்டு. இருக்கிற மண்ணுக்கும் இருக்கிற எரிபொருளுக்கும் மிகச் சரியாகப் பொருந்திய தொழில்நுட்பம் இது. கெட்டிச் சூளை கட்டியிருந்தால் காசுதான் வீண். என்ன, ஆயிரம் வருடம் கழித்துத் தோண்டிப் பார்க்க வருகிறவருக்குக் கொஞ்சம் கஷ்டம்!

அப்படியானால் ஒன்றுமே மிஞ்சாதா? மிஞ்சும். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுட்டால் மூன்று தடயங்கள் சேரும். முதலாவது சாம்பல். வைக்கோலில் மணற்சத்து, அதாவது சிலிகா, அதிகம். அதனால் அதன் சாம்பல் வெளிறிய நிறத்தில் படலம் படலமாக நிற்கும். நெற்பயிரின் நுண்ணிய சிலிகாத் துகள்கள் அதில் அழியாமல் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்து, எரிந்தது நெல் வைக்கோலா வேறு புல்லா என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, செங்கல் மாதிரி சிவந்து இறுகிய தரை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வேகும்போது வெடித்த, கோணிய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பானைகள். நல்ல பானை ஊரெல்லாம் போய்விடும். கெட்ட பானை மட்டும் சூளையடியிலேயே கிடக்கும். அதனால் குப்பையில் கோணல் பானை கிடைத்தால், அது வாங்கினவர் வீடல்ல, செய்தவர் வீடு.

இந்தத் தடயங்களைப் படித்துச் சூளையைக் கண்டுபிடித்த இடம் தமிழ்நாட்டில் உண்டு. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழி தாழியாகக் கிடைத்தது. நூறு வருடமாக எல்லோரும் அங்கே பிணக்குழியை மட்டுமே பார்த்தார்கள். அந்தத் தாழிகளைச் செய்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. 2004, 2005இல் மத்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி தோண்டியபோதுதான் குடியிருப்புப் பகுதியும் வெளிப்பட்டது. அங்கே குயவர் சூளைகள், சாம்பலும் கரியும் உடைந்த பானைகளும் அந்தந்த இடத்திலேயே கிடக்க. இறந்தவர்களைத் தாழியில் வைத்த ஊரில், அந்தத் தாழியைச் செய்த கைகளுக்கு அப்போதுதான் ஒரு முகவரி கிடைத்தது. 2020இல் கீழடிக்குப் பக்கத்து மணலூரிலும் வெந்த மண்ணாலான உலை அமைப்பு ஒன்று வந்தது.

சூளை கிடைத்தால் என்ன லாபம் என்று மாப்பிள்ளைமார் யாராவது கேட்கக்கூடும். காலக்கணக்கு. பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கிறது. களிமண்ணைச் சுட்டு ஆறவிடும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அந்த நேரத்துக் காந்தத் திசையை அப்படியே பதிந்துகொள்ளும். பானையை இடம் மாற்றிவிடுவோம், திசை போய்விடும். சூளைத் தரை நகராது. கடைசியாக அங்கே தீ மூட்டியபோது வட திசை எங்கே இருந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். நம் பகுதியில் அப்படி ஒரு தரையை அளந்துவிட்டால், சோழர் காலப் பானை, நாயக்கர் காலப் பானை என்று இன்று தோராயமாகச் சொல்வதை எவ்வளவோ நெருக்கிச் சொல்லலாம்.

நம் வட்டாரத்தில் அதற்கு வாய்ப்பு இருக்கிறதா? செம்பியன்கண்டியூரை நினைத்துக்கொள்ளுங்கள். 2006இல் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் (ஆசிரியர்தான், கவனிக்கவும்!) வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி தோண்டியபோது வழவழப்பான கற்கோடரி ஒன்று கிடைத்தது. அதில் இருந்த குறிகளை ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்து என்றார். வேறு சிலர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை இருக்கட்டும். அந்தச் சத்தத்தில் எல்லோரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. அதன் பிறகு மாநிலத் தொல்லியல் துறை அந்த ஊரில் தோண்டியபோது கருப்பு-சிவப்புக் கலங்களும், கீறல் குறியிட்ட ஓடுகளும் கிடைத்தன. கருப்பு-சிவப்புப் பானை எப்படி வருகிறது? பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: பானையைக் கவிழ்த்து, வாயை உமியிலோ வைக்கோலிலோ புதைத்துச் சுட வேண்டும். உள்ளே காற்று போகாமல் கருக்கும், வெளியே காற்றுபட்டுச் சிவக்கும். ஒரே தீயில் இரண்டு நிறம். கற்கோடரி வெளியூர்க் கல், யாரோ கொண்டுவந்தது. பானை நம் மண், நம் வைக்கோல். எனக்குக் கோடரியைவிட அந்தப் பானை பெரிது.

நம் பக்கம் கஷ்டம் வேறு வகை. காவிரி ஒவ்வொரு வெள்ளத்திலும் மேலே ஒரு படலம் வண்டலைப் போர்த்தியது. பழைய தரை ஆழத்துக்குப் போய்விட்டது. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் ஊறும். காரகோரம் போல ஊர் காலியாகவும் இல்லை. பழைய ஊரின் மேலேயே புது ஊர், அதன் மேலேயே நாம். மிஞ்சுவது வயலுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் திடல்களும் மேடுகளும்தான். அவற்றைத்தான் இப்போது கரைக்கிறோம். கரைப்பது புதிதுமல்ல. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்டசோழபுரம் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்தார்கள். மாளிகைமேட்டுச் செங்கல்லை அக்கம்பக்கத்தார் தலைமுறைகளாக எடுத்து வீடு கட்டினார்கள். ஆனால் அவர்கள் கையால் தோண்டினார்கள், கடப்பாரையால் தோண்டினார்கள். ஒரு ஜேசிபி ஒரு திடலைச் சமமாக்க இரண்டு நாள் போதும்.

நானே பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு சைக்கிளில் சுற்றும் பழக்கம் வந்ததல்லவா, அப்படி ஒரு காலையில். மனைக்கட்டுக்காக ஒரு திடலை வெட்டியிருந்தார்கள். வெட்டிய பக்கம் கத்தியால் நறுக்கிய கேக் போல நின்றது. மேலே ஒரு முழம் மண், அதற்குக் கீழே வெளிறிய சாம்பல், நடுவே சிவந்த ஒரு கோடு, மறுபடி சாம்பல். அடியில் ஓடுகள், அதில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியபடி. எந்தக் காலம் என்று என்னால் சொல்ல முடியாது, நூறு வருடமாகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்தச் சிவந்த கோடு. வேலையை நடத்தியவரிடம் நாலு நாள் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "சார், இது பழைய குப்பைமேடு, இதுக்கெல்லாம் பேப்பர்ல வருமா?" என்றார். மறுபடி போனபோது லாரித்தடம்தான் இருந்தது. அந்த மண் எந்தச் சாலைக்குக் கீழே கிடக்கிறதோ.

அங்கே எனக்குத் துணையாக வந்து பார்த்தவர் எண்பதை நெருங்கும் ஒரு வேளார். அவர் அந்தச் சாம்பலை விரலில் தேய்த்து, "இது வைக்கல் சாம்பல் சார், வெறகு இல்ல" என்றார். ஓட்டின் உள்பக்கத்தில் இருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டி, "கல்லு வச்சுத் தட்டுன தடம்" என்றார். ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதைக் கையால் சொன்னார். அவர் வீட்டில் அடுத்த தலைமுறை சக்கரத்தில் இல்லை. பிள்ளை திருப்பூரில், பேரன் சென்னையில். குளத்து மண் எடுக்க அலைந்த அலைச்சலே பாதித் தொழிலை முடித்துவிட்டது என்பார். 2024இல் அரசு, விவசாயிக்கும் குயவருக்கும் ஏரி, குளத்து மண் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி என்று விதியை எளிமையாக்கியது. நல்ல காரியம். இருபது வருடம் முன்பு வந்திருந்தால் அவர் பிள்ளை இங்கேயே இருந்திருப்பானோ என்னவோ. பழைய சூளையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தாம். இவர்களை உட்காரவைத்து ஒரு தொல்லியல் மாணவர் நாலு மாதம் கேட்டு எழுதினால், அது ஒரு அகழாய்வுக்குச் சமம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. நம் பிள்ளைகள் யாராவது அங்கே படித்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு அலைய வேண்டாம், வேளாரை நான் அறிமுகப்படுத்துகிறேன்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் பழைய பத்திரங்களை எடுத்து வயலின் பெயரைப் பாருங்கள். சூளைமேடு, குசவன் திடல், சாம்பல் மேடு, ஓட்டாங்காடு என்று இந்த மாதிரி ஏதாவது வந்தால் புல எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, போர் போடும்போதோ, வெளிறிய சாம்பல் படலமும் சிவந்து இறுகிய மண்ணும் சேர்ந்து வந்தால், ஒரு நாள் வேலையை நிறுத்தி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் வழியாகத் தொல்லியல் துறைக்குப் போகும். வீடு கட்ட விடமாட்டார்களோ என்று பயப்படுகிறவர்கள் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள், பேசலாம்.

ஓடுகளைப் பொறுக்கிக் கழுவி அலமாரியில் வைக்காதீர்கள். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் ஓடு. வெட்டிய பக்கத்தை நேராக நின்று படம் எடுங்கள், வெயில் சாய்ந்திருக்கும் காலை நேரம் நல்லது, படலங்கள் தெளிவாகத் தெரியும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பேனா போதும்.